தென்னாப்பிரிக்காவில் சைனஸ் ஆபரேஷனில் கண் பாதித்தால் டாக்டர் மேல் வழக்குப் போடலாமா?

போடலாம். ஆனால் பாதிப்பு வந்தது மட்டும் போதாது. மருத்துவக் கவனக்குறைவு என்றால், அதே துறையில் பொறுப்பான ஒரு டாக்டர் காட்டும் கவனத்தை இவர் காட்டவில்லை, அதனால்தான் பாதிப்பு வந்தது என்று பொருள். இரண்டையும் நோயாளிதான் நிரூபிக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு கறார்? சைனஸுக்கும் கண்ணுக்கும் நடுவே உள்ள எலும்பு காகிதம் போல மெல்லியது. கைதேர்ந்தவர் செய்தாலும் சில நேரம் உடையும். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு வீட்டில் சமோசா பொரிக்கும்போது எண்ணெய் ஒரு துளி தெறிப்பது வேறு; கொதிக்கும் சட்டியை அப்படியே விட்டுவிட்டு வாசலில் கதை பேசப் போவது வேறு. ஆபரேஷனுக்கு முன் சிடி ஸ்கேனைப் பார்க்காதது, பிறகு கண் வீங்கியும் எட்டிப் பார்க்காதது எல்லாம் இரண்டாவது வகை.

முதலில் மருத்துவப் பதிவுகளையும் ஸ்கேனையும் எழுதிக் கேட்டு வாங்குங்கள். வேறொரு காது மூக்கு தொண்டை நிபுணர் அதைப் படித்துச் சொல்வதில்தான் வழக்கே நிற்கும். வழக்குப் போடப் பொதுவாகக் கெடு 3 வருடம். அரசு மருத்துவமனை என்றால் 6 மாதத்துக்குள் எழுத்தில் நோட்டீஸும் கொடுக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். கையில் பணம் இல்லையா? 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஜெயித்தால்தான் ஃபீஸ் என்று வக்கீலோடு ஒப்பந்தம் போடலாம். அப்புறம் அந்த ஃபீஸ், கிடைக்கும் தொகையில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

‘டாக்டர்களைக் கண்காணிக்கும் கவுன்சிலான எச்.பி.சி.எஸ்.ஏ.வில் புகார் கொடுத்தாச்சு, பணம் வந்துவிடும்’ என்று சிலர் காத்திருக்கிறார்கள்; அந்தக் கவுன்சில் டாக்டரைத் தண்டிக்கலாமே தவிர நஷ்டஈடு தராது, அங்கே புகார் கொடுத்ததால் 3 வருடக் கெடுவும் நிற்காது.