முதல் இசை மென்பொருள் போதவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? அடுத்ததை எப்படித் தேர்ந்தெடுப்பது?

நீங்கள் கேட்டது இது: இரண்டு வருடமாக ஒரே இலவச மென்பொருளில் பாட்டு செய்கிறீர்கள், இப்போது அது கையைக் கட்டிப்போட்டது போல இருக்கிறது. மாற வேண்டுமா, இல்லை இதையே இன்னும் நன்றாகக் கற்றுக்கொள்ள வேண்டுமா? மாறினால் எதற்கு?

இதே குழப்பத்தோடு நான் ஒரு வருடம் ஓட்டியிருக்கிறேன். அதனால் என் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என்னுடைய முதல் மென்பொருள் ஒரு இலவச மொபைல் செயலி. எட்டு டிராக் (ஒவ்வொரு குரலுக்கும் வாத்தியத்துக்கும் ஒரு தனி வரிசை), அதற்கு மேல் கிடையாது. தாளம் நாலுக்கு நாலு மட்டும், அதாவது 'பார்' என்ற ஒரு தாளச் சுற்றுக்கு நாலு தட்டு. திரும்பத் திரும்ப ஓடும் துண்டை எழுதும் பாட்டர்ன் பெட்டியின் நீளம் 1, 2, 4, 8 பார் என்ற நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும். அதில் நான் கற்றுக்கொண்டது ஏராளம். பேஸும் கிக் டிரம்மும் மோதினால் இரண்டுமே கேட்காது என்பதை அங்கேதான் கற்றேன். ஒரு வருடம் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

அப்புறம் ஒரு மெட்டு வந்தது. ஏழு எண்ணிக்கை: தகிட தகதிமி, தகிட தகதிமி. வாயில் பாடும்போது தண்ணீர் மாதிரி ஓடியது. செயலியில் போட்டதும் நொண்டியது. காரணம் எளிய கணக்கு. நாலுக்கு நாலில் ஒரு பாருக்கு எட்டு அரைத் தட்டு. எட்டு பார் பெட்டியில் 64. அதை ஏழால் வகுத்தால் ஒன்பது முறை போக ஒன்று மிஞ்சும். ஒன்பது தடவை 'தகிட தகதிமி' ஒழுங்காக வரும். பத்தாவது தடவை 'த' என்றதும் பெட்டி முடிந்துவிடும், மறுபடி முதலிலிருந்து 'தகிட' என்று ஆரம்பிக்கும். 'த, தகிட' என்று ஒரு தடுக்கல்.

ஏழு பார் இருந்தால் 56, அதாவது சரியாக எட்டுச் சுற்று. ஆனால் ஏழு பார் பெட்டி கிடையாதே. அதனால் நாலு பார், இரண்டு பார், ஒரு பார் என்று மூன்று பெட்டிகளை வரிசையாக ஒட்டினேன். வேலை செய்தது. ஆனால் இரண்டாவது பெட்டி 'க'வில் தொடங்கியது, மூன்றாவது 'மி'யில் தொடங்கியது. திரையில் தடித்த கோடுகள் எட்டுக்கு ஒருமுறை நிற்கும், என் காது ஏழுக்கு ஒருமுறை எண்ணும். ஒரே ஒரு சுரத்தை மாற்ற வேண்டுமென்றாலும் மூன்று பெட்டியையும் திறந்து, எது எந்த இடம் என்று விரல்விட்டு எண்ண வேண்டும். ஒரு வாரம் இப்படியே போனது. கடைசியில் மெட்டில் ஒரு திருப்பம் வைக்கலாம் என்று தோன்றியபோது, 'வேண்டாம், மூன்று இடத்தில் மாற்ற வேண்டும்' என்று விட்டுவிட்டேன். அன்றைக்குத்தான் புரிந்தது. பாட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதைச் செயலி முடிவு செய்ய ஆரம்பித்துவிட்டது.

உங்களுக்கும் இந்த அடையாளத்தைத்தான் சொல்வேன். வசதி குறைவாக இருப்பது பிரச்சினையே இல்லை. 1987இல் அமிகா கணினிக்கு வந்த முதல் டிராக்கர் (சுரங்களைப் பட்டியலாகத் தட்டிப் பாட்டு எழுதும் வகை) மென்பொருளில் நாலே சேனல்தான் இருந்தது, அதாவது ஒரே நேரத்தில் நாலு சத்தம்தான். அந்த நாலை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறையே இசை செய்தது. சுற்றுவழி தேடுவதும் பரவாயில்லை, அதிலிருந்து நல்ல யோசனைகள்கூடப் பிறக்கும். ஆனால் சுற்றுவழிக்குப் பயந்து ஒரு நல்ல யோசனையைக் கைவிடுகிறீர்கள் என்றால், மாறும் நேரம் வந்துவிட்டது.

அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். இரண்டு வாரம் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேலை நடுவில் நிற்கும் ஒவ்வொரு முறையும் ஏன் நின்றது என்று ஒரு வரி எழுதுங்கள். நான் எழுதியதில் பாதிக்கு மேல் செயலியோடு சம்பந்தமே இல்லாதவை. 'குரல் டப்பாவுக்குள் இருந்து வருவது போல இருக்கிறது' என்று எழுதியிருந்தேன். வெறும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பாடியதுதான் காரணம். 'மிக்ஸ் கலங்கலாக இருக்கிறது' என்று மூன்று தடவை எழுதியிருந்தேன். ரிதம் கிட்டார், பியானோ, குரல் மூன்றும் ஒரே அதிர்வெண் பகுதியில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. இந்த மாதிரி வரிகள் எந்த மென்பொருளுக்குப் போனாலும் கூடவே வரும். 'ஏழு எண்ணிக்கை முடியாது', 'பாட்டு நடுவில் டெம்போ (வேகம்) மாற்ற முடியாது', 'டிராக் தீர்ந்ததால் இரண்டு குரலை ஒன்றாக இணைத்துவிட்டேன், இப்போது ஒன்றை மட்டும் குறைக்க முடியவில்லை' போன்ற வரிகளைத் தனியாக எடுத்து வையுங்கள். புது மென்பொருளில் நீங்கள் தேட வேண்டியது இவைதான்.

'அந்த மென்பொருளில் செய்தால் சவுண்டே வேற லெவல்' என்று யாராவது சொன்னால் அதை நம்பி மாறாதீர்கள். இதை நீங்களே சோதிக்கலாம். ஒரே வேவ் ஃபைல்களை இரண்டு மென்பொருளிலும் போட்டு, வால்யூமும் பேன் விதியும் (சத்தத்தை இடம், வலம் எனப் பிரிக்கும் கணக்கு) ஒன்றாக வைத்து, எஃபெக்ட் எதுவும் இல்லாமல் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ஒன்றின் ஃபேஸை, அதாவது ஒலி அலையை, தலைகீழாக்கி மற்றதோடு சேர்த்து ஓட்டினால் ஒன்றையொன்று அழித்து அமைதிதான் மிஞ்சும். டிராக்குகளைக் கூட்டும் கணக்கு எல்லாவற்றிலும் ஒன்றுதான். வித்தியாசம் கூடவே வரும் வாத்தியங்களிலும் எஃபெக்ட்டுகளிலும் இருக்கிறது, அதைவிட அதிகமாக வேலை செய்யும் முறையில் இருக்கிறது.

சரி, எதற்கு மாறுவது? நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்களுக்குப் பாட்டு எங்கிருந்து தொடங்குகிறது? தாளத்திலிருந்தா, ஒரு சத்தத்திலிருந்தா, பாடிய வரியிலிருந்தா, பியானோவில் வைத்த கார்டிலிருந்தா (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களிலிருந்தா)? ஒவ்வொரு மென்பொருளும் எதற்காகப் பிறந்தது என்று பார்த்தால் அதன் குணம் தெரியும். எஃப்எல் ஸ்டுடியோ 1990களின் இறுதியில் ஃப்ரூட்டிலூப்ஸ் என்ற பெயரில், டிரம் அடிகளைக் கட்டம் கட்டமாக நிரப்பும் சிறு கருவியாகத் தொடங்கியது. இன்றைக்கு முழு ஸ்டுடியோவாக வளர்ந்துவிட்டாலும், பாட்டர்ன் செய்து அடுக்கும் அந்தச் சுபாவம் அப்படியே இருக்கிறது. தாளத்திலிருந்து தொடங்குகிறவர்களுக்கு அது வீடு மாதிரி. பியானோ ரோலில் (சுரங்களைக் கட்டங்களில் வரையும் திரையில்) எழுதுகிறவர்கள் அதை விட்டு வரவே மாட்டார்கள். ஏபிள்டன் லைவ் 2001இல் வந்தது. மேடையில் கணினியை வைத்து வாசித்தவர்கள் உருவாக்கியது. அதன் செஷன் வியூவில் லூப்களைப் பெட்டி பெட்டியாக வைத்துக்கொண்டு, எதை எப்போது வேண்டுமானாலும் தட்டி ஓடவிட்டுப் பார்க்கலாம். பாட்டின் வரிசை இன்னும் தெரியாமல் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு இதைவிட வசதி இல்லை. ரீப்பர், லாஜிக், கியூபேஸ் போன்றவை இடமிருந்து வலமாக ஓடும் டேப் மாதிரி. பாடுகிறவர்களுக்கும் வாசித்துப் பதிவு செய்கிறவர்களுக்கும் அது இயல்பாக வரும். ரெனாய்ஸ் பழைய டிராக்கர் வழியில் மேலிருந்து கீழே ஓடும்; எண்களைத் தட்டியே பாட்டு எழுதுகிறவர்கள் அதில் வேகமாகப் பறப்பார்கள்.

எனக்குப் பாட்டு குரலில் தொடங்கும். ஆனால் இந்தப் பதில் எனக்கே அப்போது தெரியாது. ட்ரையல் பார்த்துத்தான் தெரிந்தது.

ட்ரையல் பார்க்கும் முறையில்தான் பலரும் நேரத்தை வீணாக்குகிறார்கள் என்று நினைக்கிறேன். திறந்ததும் கூடவே வரும் சத்தங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே இரண்டு நாள் போய்விடும். நான் மூன்று மென்பொருளிலும் ஒரே வேலையைச் செய்தேன்: அதே ஏழு எண்ணிக்கை மெட்டு, முப்பது விநாடி. பாடிப் பதிவு செய்வது, இரண்டாம் குரல் சேர்ப்பது, தாளம் போடுவது, நடுவில் வேகத்தைக் கொஞ்சம் குறைப்பது, எக்ஸ்போர்ட் செய்வது. அவ்வளவுதான். எதைத் தேட வேண்டியிருந்தது என்று மட்டும் குறித்துக்கொண்டேன். ஏழு எண்ணிக்கை எஃப்எல், லைவ், ரீப்பர் மூன்றிலுமே சுலபமாக வந்தது. நான் மாற நினைத்த காரணமே அதுதான், ஆனால் தேர்வு செய்ய அது உதவவில்லை!

முடிவு வேறொரு இடத்தில் கிடைத்தது. நான் கிளிக் (தட்டை எண்ணிக்காட்டும் டிக் டிக் சத்தம்) போடாமல் பாடுகிறவன். வரியின் முடிவில் மூச்சுக்குக் கொஞ்சம் இழுப்பேன். முதல் செயலியில் கிளிக்கைக் கேட்டுக்கொண்டு பாடிப் பாடி, அந்த இழுப்பே போய்விட்டது. ரீப்பரில் முதலில் சும்மா பாடிப் பதிவு செய்தேன். பிறகு ஒரு சுற்று நீளத்தைத் தேர்ந்தெடுத்து, இது ஒரு பார் என்று சொன்னதும் டெம்போவை அதுவே கணக்கிட்டுக் கோடுகளை என் குரலுக்குக் கீழே நகர்த்தியது. அடுத்த சுற்று, அதற்கடுத்தது என்று போய்க்கொண்டே இருந்தேன். வரி முடியும் இடங்களில் மட்டும் கோடுகள் சற்று அகன்று நின்றன. தாளத்தை அதன்மேல் போட்டதும், யாரோ என் பக்கத்தில் உட்கார்ந்து என் மூச்சைப் பார்த்து வாசிப்பது போல இருந்தது. அன்று இரவு அந்த முப்பது விநாடியை எத்தனை தடவை கேட்டேன் என்று கணக்கில்லை.

இதே வேலையை மற்ற மென்பொருள்களிலும் செய்ய வழி உண்டு. எனக்கு ரீப்பரில் கை தானாகப் போனது, அவ்வளவுதான். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பாடினால் டேக்குகள் அடுக்கடுக்காக நிற்பதும், அதில் நல்ல வரிகளை வெட்டி எடுத்துக்கொள்ள முடிவதும் எனக்கு மிகவும் பிடித்தது. 60 நாள் முழு வசதியோடு ட்ரையல் கிடைப்பதால் அவசரமும் இல்லை. எஃப்எல் ட்ரையலில் ஒன்றை முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: சேமித்த ப்ராஜெக்டை லைசென்ஸ் இல்லாமல் மறுபடி திறக்க முடியாது. அதனால் சோதனைப் பாட்டை ஒரே அமர்வில் முடியுங்கள். நீங்கள் இப்போது பயன்படுத்துவது கராஜ்பேண்ட் என்றால் வேலை இன்னும் சுலபம், அதன் ப்ராஜெக்டுகளை லாஜிக் ப்ரோ அப்படியே திறக்கும்.

பாடும்போது ஹெட்ஃபோனில் குரல் தாமதமாகக் கேட்டால், அதற்காக ஒரு மென்பொருளைத் தள்ளிவிடாதீர்கள். பெரும்பாலும் பஃபர் அளவுதான் (கணினி ஒரே தடவையில் கையாளும் ஒலித் துண்டின் நீளம்) காரணம். விநாடிக்கு 44,100 சாம்பிள் வேகத்தில் 1024 பஃபர் என்றால் கிட்டத்தட்ட 23 மில்லி செகண்ட், 128 என்றால் 3 மில்லி செகண்ட். உள்ளே போக ஒரு முறை, வெளியே வர ஒரு முறை என்று இது சேரும். பதிவு செய்யும்போது குறைத்து, மிக்ஸ் செய்யும்போது கூட்டிக்கொள்ளுங்கள். விண்டோஸில் ஆசியோ டிரைவர் (இந்தத் தாமதத்தைக் குறைக்கும் சிறு மென்பொருள்) இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பழைய பாட்டுகளை என்ன செய்வது என்றும் யோசிப்பீர்கள். ஒரு மென்பொருளின் ப்ராஜெக்ட் ஃபைலைப் பெரும்பாலும் இன்னொன்று திறக்காது. 2023இல் பிட்விக், ப்ரீசோனஸ் என்ற இரண்டு இசை மென்பொருள் நிறுவனங்கள் டாப்ராஜெக்ட் என்ற பொது வடிவத்தைக் கொண்டுவந்தன, ஆனால் அதை ஏற்கும் மென்பொருள்கள் சிலவே. ஆகவே ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி வேவ் ஃபைலாக எடுப்பதுதான் பாதுகாப்பு. எல்லாமே பாட்டின் பூஜ்ஜியப் புள்ளியிலிருந்து தொடங்க வேண்டும். அப்போதுதான் புது இடத்தில் போட்டதும் தானாகப் பொருந்தும். மிடியும் எடுத்து வையுங்கள், ஆனால் அதில் சுரங்கள்தான் இருக்கும், சத்தம் இருக்காது. டெம்போவை ஃபைல் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.

என் செயலி டிராக் வாரியாக எக்ஸ்போர்ட் செய்யாது. ஏழு டிராக்கை மியூட் செய்து எட்டாவதை எடுப்பது, பிறகு அடுத்தது என்று பாட்டுக்கு எட்டு முறை எடுத்தேன். முதல் பாட்டை முழுதாக எடுத்த பிறகுதான், கடைசிச் சுரத்தோடு ஃபைல் முடிந்து ரிவர்ப் வால் (சத்தம் நின்ற பிறகும் மெல்ல மங்கும் எதிரொலி) வெட்டுப்பட்டிருப்பதைக் கேட்டேன். கடைசியில் இரண்டு பார் காலியாக விட்டு, மறுபடி எட்டு முறை எடுத்தேன். நீங்கள் முதலிலேயே விட்டுவிடுங்கள்.

அந்தச் செயலி இன்னும் என் மொபைலில் இருக்கிறது. நடக்கும்போது ஒரு தாளம் தோன்றினால் அதில்தான் தட்டி வைக்கிறேன்.

உங்கள் பாட்டு எதில் தொடங்குகிறது, நோட்டில் என்னென்ன வரிகள் சேர்ந்தன என்று கமெண்டில் எழுதுங்கள். கணினி விண்டோஸா, மேக்கா, லினக்ஸா என்பதையும் சேர்த்துச் சொன்னால், எதிலிருந்து ட்ரையலைத் தொடங்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.