ட்ரிபிள் ஈ படித்தால் கடைசியில் கோடிங்தானா?

வணக்கம் சார்,

நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் ட்ரிபிள் ஈ (மின், மின்னணுப் பொறியியல்) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மெஷின்ஸ் லேப் என்றால் எனக்கு உயிர். ஆனால் கேம்பஸுக்கு வருவதெல்லாம் ஐ.டி. கம்பெனிகள். “மின்துறைக் கோர் வேலை எல்லாம் கனவுடா, கோடிங் படி” என்கிறார்கள் சீனியர்கள். அம்மாவுக்கு நான் ஈ.பி.யில் ஏ.ஈ. (உதவிப் பொறியாளர்) ஆக வேண்டும். எதை நம்பிப் படிப்பது? (பெயர் வேண்டாம்.)

அன்புள்ள தம்பி,

சீனியர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. கோர் கம்பெனிகள் ஐ.டி. மாதிரி மொத்தமாக ஆள் எடுப்பதில்லை, தொடக்கச் சம்பளமும் பல இடங்களில் குறைவு. வீட்டில் கடன் நெருக்கினால் ஐ.டி.க்குப் போங்கள், அதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் மெஷின்ஸ் லேப் உயிர் என்கிறீர்களே, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

அனல், நீர்மின் நிலையங்களில் டன் கணக்கான எடையுள்ள ஜெனரேட்டர்கள் சுற்றுகின்றன. எங்கோ ஒரு யூனிட் ட்ரிப் ஆகி நின்றால், அந்தச் சுழற்சியில் இருக்கும் ஆற்றல் சில நொடிகள் கிரிட்டை, அதாவது எல்லா மின் நிலையங்களும் இணைந்த மின் தொகுப்பை, தாங்கும். அதன் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் சட்டென்று சரிந்துவிடாது. சோலாரில் சுற்றுவதற்கு எதுவுமே இல்லை. கமுதி சோலார் நிலையத்தின் 648 மெகாவாட்டும், டி.சி.யை ஏ.சி.யாக மாற்றும் இன்வெர்ட்டர் வழியாகத்தான் உள்ளே வருகிறது. நீங்கள் பஸ்ஸில் பார்க்கும் முப்பந்தல் காற்றாலைகள் தென்மேற்குப் பருவத்தில் கொட்டித் தரும், அப்புறம் அடங்கிவிடும். சாயங்காலம் சோலார் இறங்கும்போது வீடுகளில் லோடு ஏறும். இந்த மூன்றையும் கட்டி மேய்ப்பதுதான் உங்கள் தலைமுறை எஞ்சினியர்களின் வேலை. பேட்டரி ஸ்டோரேஜ், இன்வெர்ட்டர் கன்ட்ரோல், ராய்கர்-புகளூர் 800 கிலோவோல்ட் டி.சி. லைன் போன்றவை எல்லாம் அதற்குக் கை கொடுப்பவை. எனக்கு இதைவிடப் பெரிய எஞ்சினியரிங் சவால் இன்று வேறெதுவும் தெரியவில்லை.

அதனால் பவர் எலக்ட்ரானிக்ஸ், கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் இரண்டையும் பாஸ் மார்க்குக்காகப் படிக்காதீர்கள். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் தயாராகும் மின் ஸ்கூட்டரிலும் இதே இன்வெர்ட்டர்தான்: பேட்டரியின் டி.சி.யை மூன்று ஃபேஸாக மாற்றி மோட்டாருக்குக் கொடுக்கிறது. அதை ஓட்டுவது மைக்ரோகன்ட்ரோலர் என்ற சின்னக் கணினிச் சிப். ஆகவே கோடிங் படியுங்கள், அந்தச் சிப்புக்கு எழுதும் எம்பெடட் சி-யிலிருந்து தொடங்குங்கள். ஐ.டி.க்கே போக நேர்ந்தாலும் அது வீணாகாது.

இன்னொன்று. ஃபைனல் இயர் ப்ராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கும் பழக்கம் எனக்கு வயிற்றெரிச்சலைத் தருகிறது. நான்கு வருடத்தில் கையால் செய்து பார்க்கக் கிடைக்கும் ஒரே பெரிய வாய்ப்பு அது. சொந்தமாக ஒரு சின்ன இன்வெர்ட்டர் செய்யுங்கள். அதில் ஸ்விட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட் எரியும். ஏன் எரிந்தது என்று உங்களால் விளக்க முடிந்தால், கோர் இன்டர்வியூவில் உங்களிடம் பேசுவதற்கு விஷயம் இருக்கும்.

அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள். ஈ.பி. அறிவிப்பு எப்போது வரும் என்று காத்திருந்து வருடங்களைத் தொலைக்க வேண்டாம், வரும்போது எழுதலாம். அதுவரை பொறியியல் படிப்பவர்களுக்கான தேசிய அளவிலான கேட் தேர்வுக்குத் தயாராகுங்கள். மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம், மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். பவர் கிரிட், என்.டி.பி.சி. போன்ற மத்திய அரசு நிறுவனங்கள் அதை வைத்து ஆள் எடுக்கின்றன. அதுவும் அரசு வேலைதான் என்றால் அம்மாவும் சரி என்பார்கள்.