கைமாவுக்கு ஞானஸ்நானம்

அன்புள்ள அக்கா,

பெரம்பூரில் ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் ஒரு காம்பவுண்டில் இருக்கிறோம். ஐந்து வீடு. நாங்கள், என் நாத்தனார் வீடு, எதிரில் ஒரு ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி, பின்பக்கம் சிஎஸ்ஐ சபைக்காரர் ஒரு அண்ணன் குடும்பம், மாடியில் பாய் வீடு. கிறிஸ்துமஸ் அன்று நான்கு வீட்டுச் சாப்பாடும் கேரியரில் ஏறி எல்லா வீட்டுக்கும் போய்வரும். சாயங்காலம் மொட்டை மாடியில் மார்க் போடுவோம். மாடி வீட்டு அத்தைதான் நடுவர். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு இருப்பார்கள் என்று நினைக்காதீர்கள்.

போன வருடம் எனக்குக் கடைசி இடம். உருண்டைக் குழம்பில் உருண்டை கரைந்துவிட்டது. ஆன்ட்டி எட்டிப் பார்த்து, "கைமாவுக்கு ஞானஸ்நானம் குடுத்துட்டியாம்மா?" என்றார். தேங்காய்ப்பால் மஞ்சள் சோறு குழைந்துவிட்டது. "பூசை முடிஞ்சி எவ்ளோ நேரமாச்சு, இன்னும் சோறு ஒண்ணுக்கொண்ணு சமாதானம் சொல்லிக்கினு கீது பாரு, மூடியத் தொறந்து வுட்டிருந்தா கலைஞ்சி போயிருக்கும்" என்றார். கோழி ரோஸ்ட் வறண்டு போனது. பின்வீட்டு அண்ணன், "லெந்து நாள்ல பட்டினி கெடந்த கோழி போல" என்றார். கேக்கை வெட்டினால் பழமெல்லாம் அடியில். நாத்தனார், "பேக்கிங் பவுடர் வாங்கக்கூட காசில்லையா அண்ணி?" என்றாள். எல்லாருடனும் சேர்ந்து நானும் சிரித்தேன். ஆனால் கடைசியாகச் சொன்னது இன்னும் உறுத்துகிறது. இந்த மார்க் விளையாட்டே வேண்டாம் என்கிறார் வீட்டுக்காரர். எனக்கு விட மனசில்லை. எங்கே தவறினேன்? வருடா வருடம் பிரியாணி செய்கிற வீடே ஜெயிக்கிறதே, அது நியாயமா? இந்த முறை வாத்து ரோஸ்ட் செய்து எல்லார் வாயையும் அடைக்கலாமா?

ம., பெரம்பூர்

அன்புள்ள தங்கைக்கு,

விளையாட்டை நிறுத்த வேண்டாம். நல்ல கேலி என்றால் பண்டத்தின் குறை எது, அது எதனால் வந்தது என்று சொல்ல வேண்டும். ஆன்ட்டி இரண்டு முறையும் காரணத்தைச் சொல்லிவிட்டுத்தான் சிரித்திருக்கிறார். அண்ணன் குறையை மட்டும் சொன்னார், அதுவும் பரவாயில்லை. நாத்தனார் சொன்னதுதான் ஆட்டத்தில் சேராது. பணத்தை இழுத்தது ஒன்று. சொன்ன காரணமும் தப்பு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கைமா. கடையில் அரைத்து வாங்கி, வீட்டுக்கு வந்து அலசினீர்கள் இல்லையா? அரைத்த கறியைக் கழுவினால் அது தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். அந்தத் தண்ணீரில் பசை நீர்த்துப்போய் உருண்டை பிடித்து நிற்காது. துண்டுக்கறியாக வாங்கிக் கழுவி, வடிதட்டில் வைத்து, துணியால் ஒற்றி எடுத்த பிறகு அரைக்க வேண்டும். மிக்ஸி என்றால் விட்டு விட்டு ஓட்டுங்கள், ஒரேயடியாக ஓட்டினால் கறி சூடாகிவிடும். அரை கிலோவில் 75 கிராம் அளவாவது கொழுப்பு இருக்கட்டும். வெறும் சதை உருண்டை வெந்ததும் கல்லாகிவிடும்.

அரை கிலோ கைமாவுக்குத் தலை தட்டி ஒரு டீஸ்பூன் உப்பு போட்டு, வேறெதுவும் சேர்க்காமல் நான்கைந்து நிமிடம் பிசையுங்கள். கறி உள்ளங்கையில் ஒட்ட ஆரம்பிக்கும். உப்பு கறியின் புரதத்தை இளக்கி எடுக்கிறது, அதுதான் பசை. முட்டை தேவையில்லை. அதன்பிறகு பொடியாக நறுக்கிப் பிழிந்த சின்ன சைஸ் வெங்காயம் ஒன்று, பச்சை மிளகாய் இரண்டு, மல்லித்தழை, அரை டீஸ்பூன் கரம் மசாலா, இரண்டு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை மாவு. மாவை இதற்கு மேல் அள்ளிப் போட்டால் வடை ருசி வந்துவிடும். எலுமிச்சை அளவு உருட்டி, அரை மணி ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒரே ஒரு உருண்டையைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நின்றால் மற்றதும் நிற்கும். விரிந்தால் இன்னும் ஒரு ஸ்பூன் மாவு.

குழம்பு தளதளவென்று கொதிக்கும்போது அகலப் பாத்திரத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் போட்டு, தீயைக் குறைத்து, பத்து நிமிடம் கரண்டியைக் கண்ணில் காட்டாதீர்கள். துணியால் காதைப் பிடித்துப் பாத்திரத்தைச் சுழற்றினால் போதும். ஆட்டுக்கறிக்கு 25 நிமிடம். மசாலா வேகிறதெல்லாம் தேங்காயின் இரண்டாம் பாலில். முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்குங்கள். விட்டுக் கொதிக்க வைத்தால் திரிந்து எண்ணெய் மிதக்கும்.

சோற்றைப் பற்றி ஆன்ட்டி சொன்னதும் சரி. உங்கள் சோறு அடுப்பில் பாதி குழைந்திருக்கிறது, மீதி கேரியரில் குழைந்திருக்கிறது. சீரகச் சம்பா இரண்டு டம்ளர் என்றால் 20 நிமிடம் ஊறவைத்து வடித்துவிடுங்கள். கெட்டிப் பால் ஒரு டம்ளர், தண்ணீர் இரண்டரை டம்ளர். முழுக்கப் பாலையே ஊற்றுவது பெருமைக்குத்தான் உதவும். கெட்டிப் பாலில் தண்ணீர் குறைவு, அரிசி வேகாமல் அடி மட்டும் பிடிக்கும். அப்புறம் தண்ணீரைத் தெளித்துக் கிளறுவீர்கள், அங்கேதான் குழையும். மஞ்சள் தூள் கால் டீஸ்பூன், அதிகமானால் கசக்கும். குக்கர் வேண்டாம், அடிகனமான பாத்திரத்தில் நெய், பட்டை, கிராம்பு, ஏலக்காய் போட்டு அரிசியை இரண்டு நிமிடம் பிரட்டி, பாலும் தண்ணீரும் உப்பும் சேர்த்து, அரிசி மட்டத்துக்கு வற்றியதும் மூடி, மிகக் குறைந்த தீயில் 12 நிமிடம். அணைத்துப் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள்.

சுடச்சுடக் கேரியரில் அடைத்து மூடினால் ஆவி மூடியில் முட்டி, தண்ணீராகிச் சோற்றிலேயே சொட்டும். தாம்பாளத்தில் பரப்பிப் பத்து நிமிடம் ஆவி போன பிறகு அடையுங்கள். மூடிக்குக் கீழே ஒரு சுத்தமான துணி. தேங்காய்ப்பால் சேர்ந்த சோறு நம் ஊர்ப் புழுக்கத்தில் சீக்கிரம் நொந்துபோகும், டிசம்பர் என்றாலும் அதேதான். மதியத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள்.

இந்த இரண்டுடனும் டெவில் சட்னி வைத்ததாக நீங்கள் எழுதவில்லை. வைக்கவில்லை என்றால் மார்க் குறைந்ததில் அதற்கும் பங்கு உண்டு. சோற்றிலும் தேங்காய், குழம்பிலும் தேங்காய். புளிப்பும் காரமும் பக்கத்தில் இல்லாவிட்டால் நாலாவது வாய்க்கு நாக்கு சலித்துவிடும். ஆங்கிலோ இந்திய வீடுகளில் இந்த மூன்றையும் பிரிக்கமாட்டார்கள். பெரிய வெங்காயம் ஒன்று, ஊறவைத்த காய்ந்த மிளகாய் நான்கு, திராட்சை இரண்டு மேசைக்கரண்டி, சர்க்கரை இரண்டு டீஸ்பூன், வினிகர் இரண்டு மேசைக்கரண்டி, உப்பு. பச்சையாகவே அரைத்துவிட வேண்டியதுதான்.

கோழிக்கு வருவோம். ஒன்றேகால் கிலோ முழுக்கோழிக்கு இரண்டு டீஸ்பூன் உப்பு, மிளகு, இஞ்சி பூண்டு, முந்தின ராத்திரியே உள்ளும் புறமும் தடவுங்கள். வினிகரோ எலுமிச்சையோ அப்போது வேண்டாம். ராத்திரி முழுக்கப் புளிப்பில் கிடந்தால் நெஞ்சுக்கறி மாவு மாதிரி ஆகிவிடும், சமைப்பதற்கு ஒரு மணி முன்னால் போதும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து முக்கால் மணி வெளியே வைத்து, வெண்ணெயில் எல்லாப் பக்கமும் சிவக்கவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடுங்கள். நெஞ்சு மேலே, தொடை கீழே தண்ணீரில். நெஞ்சு முதலில் வெந்துவிடும், தொடைக்கு நேரமாகும் என்பதால்தான் இப்படி. குறைந்த தீயில் 50 நிமிடம் ஆனதும் தொடை மூட்டில் கம்பியால் குத்துங்கள். சாறு தெளிவாக வந்தால் இறக்கலாம், தெர்மாமீட்டர் இருந்தால் 74 டிகிரி. இறக்கி இருபது நிமிடம் கத்தி வைக்கக்கூடாது. உடனே வெட்டினால் சாறெல்லாம் பலகையில் ஓடிவிடும், லெந்துக் கோழி என்று பெயர் வாங்குவது அப்படித்தான்.

இப்போது நாத்தனார். பழம் இறங்கியதற்குக் காரணம் பேக்கிங் பவுடர் குறைந்தது இல்லை. பெரும்பாலும் அது கூடினால்தான் இறங்கும். கூடினால் மாவு அவசரமாக உப்பி இளகிவிடும், இறுகுவதற்குள் பழம் அடிக்குப் போய்விடும், நடுவும் குழி விழும். 250 கிராம் மைதாவுக்குத் தலை தட்டி ஒரு டீஸ்பூன் தாராளம். வெண்ணெய் 250, சர்க்கரை 250, முட்டை நான்கு, ரம்மில் ஊறிய பழம் 400 கிராம். பழத்தைச் சல்லடையில் அரை மணி வடித்துவிட்டுச் சேருங்கள், அந்த ரம்மை வெந்த கேக்கின் மேல் தடவலாம். செர்ரி, பேரீச்சை எல்லாம் திராட்சை அளவுக்கு மேல் இருக்கக்கூடாது. மைதாவில் பிரட்டிப் போட்டால் இறங்காது என்று எல்லாரும் சொல்வார்கள். செய்யுங்கள், கெடுதல் இல்லை, ஆனால் அது மட்டும் காப்பாற்றாது. கரண்டியைத் தூக்கினால் மாவு ஒழுகாமல் கட்டியாக விழ வேண்டும், காப்பாற்றுவது அதுதான். நிறத்துக்குச் சர்க்கரையைக் கருக்கும்போது வெந்நீரைத் தள்ளி நின்று ஊற்றுங்கள், சீறித் தெறிக்கும். அதை நன்றாக ஆறவைத்த பிறகே சேருங்கள். சூடாக ஊற்றினால் வெண்ணெய் உருகி, மாவு மறுபடி இளகிவிடும்.

சூடு 150 டிகிரி, ஒன்றரை மணிக்குக் குறையாமல். பேக்கரி அடுப்பில் கொடுப்பதாக இருந்தால் ரொட்டி வெளியே வந்து சூடு இறங்குகிற நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். ரொட்டிச் சூட்டில் வைத்தால் மேலே வெடித்து, உள்ளே பச்சையாக இருக்கும்.

மார்க் விஷயம். பிரியாணியையும் ரோஸ்ட்டையும் ஒரே தராசில் வைப்பதால்தான் பிரியாணி ஜெயிக்கிறது. பசியோடு இருப்பவர் கையில் பேனா கொடுத்தால் வேறு என்ன நடக்கும்? சோறு, குழம்பு, ரோஸ்ட், இனிப்பு என்று தனித்தனியாகப் போடுங்கள், பிரியாணி சோற்றோடு மோதட்டும். கேரியருக்கு நம்பர் ஒட்டுங்கள். வாயைத் திறக்கும் முன் எல்லாரும் சீட்டில் எழுதிவிட வேண்டும், முதலில் சத்தமாகப் பேசுகிறவர் மற்றவர்கள் நாக்கையும் இழுத்துக்கொண்டு போவார். பத்தில் ஐந்து பக்குவத்துக்கு, ஐந்து உப்பு புளி காரத்துக்கு. அலங்காரத்துக்கு ஒன்றும் கிடையாது. குழம்பின் உப்பைத் தனியாக நக்கிப் பார்த்து மார்க் போடக்கூடாது, சோற்றோடு பிசைந்துதான். ருசி பார்ப்பது தேங்காய்ப் பண்டங்களில் தொடங்கட்டும், வினிகர் சேர்ந்தது பின்னால், இனிப்பு கடைசியில். சாயங்காலம் வரை காத்திருக்காமல் சாப்பிட்ட கையோடு போட்டுவிடுங்கள். ஆறிப்போன ரோஸ்ட்டுக்கு மார்க் போடுவது அநியாயம்.

நடுவர் விஷயத்தில் ஒரு கேள்வி. மாடி வீட்டு அத்தை ரம் ஊறிய கேக்குக்கு எப்படி மார்க் போடுகிறார்? போட முடியாது. எல்லா வீடும் ஆரஞ்சுச் சாற்றில் பழத்தை ஊறவைத்து ஒரு சின்ன கேக்காவது செய்யுங்கள். சாற்றைச் சூடாக்கிப் பழத்தைப் போட்டு ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்தால் போதும், வாரக்கணக்கில் ஊறத் தேவையில்லை. கறியும் கோழியும் ஹலால் கடையில் வாங்குங்கள். பன்றி விந்தாலு செய்கிற வீடு அதைத் தனிக் கேரியரில், தனிக் கரண்டியோடு போட்டிக்கு வெளியே வைக்கட்டும். அதை 24ஆம் தேதியே செய்துவிடுவது நல்லது, மறுநாள்தான் புளிப்பு கறிக்குள் இறங்கும். அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் வேண்டாம், வினிகர் அரித்து உலோக வாடை வந்துவிடும்.

நடுராத்திரிப் பூசைக்குப் போய்வந்து மூன்று மணி நேரம் தூங்கி எழுந்து சமைக்கிறவர்கள்தான் உப்பை இரண்டு முறை போடுவார்கள். உருண்டை பிடிப்பது, கோழிக்கு மசாலா தடவுவது, சட்னி அரைப்பது எல்லாம் கோயிலுக்குக் கிளம்பும் முன் முடிந்திருக்கட்டும். 25ஆம் தேதி காலையில் அடுப்பில் சோறு, குழம்பு, கோழி மூன்றுதான் இருக்க வேண்டும்.

வாத்து இந்த வருடம் வேண்டாம். தோலுக்கு அடியில் கொழுப்பு கனம், கறி கோழியைவிடக் கடினம். முற்றின வாத்து கையில் வந்தால் இரண்டு மணி நேரம் வெந்தாலும் ரப்பர்தான். முதலில் மிளகு, வினிகர், பட்டை போட்ட தண்ணீரில் மூடி வேகவைத்து, மேலே மிதக்கிற கொழுப்பை எடுத்து வைத்து, பிறகு அந்தக் கொழுப்பிலேயே சிவக்க வறுக்க வேண்டும். எந்தக் கட்டத்தில் நிறுத்துவது என்பது கைப்பழக்கம். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்று வாங்கிச் செய்து பாருங்கள், ஆன்ட்டியை மட்டும் கூப்பிட்டுக்கொண்டு.