கூலியைப் படம் பிடிப்பது எப்படி?

கேள்வி: கூலி உயர்வு கேட்டு விசைத்தறிகள் நிற்கும்போதெல்லாம் கோஷம் போடும் கூட்டத்தின் படம்தான் பத்திரிகைகளில் வருகிறது. தறிக்கூடத்துக்குள் இருக்கும் கதையைப் படங்களாகவே சொல்ல எத்தனை படம் வேண்டும்? உள்ளே எடுத்தால் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுகின்றனவே, ஏன்?
– வாசகர், சோமனூர்

பதில்: எட்டுப் படம் தாராளம். ஒரே சேதியை இரண்டு படம் சொன்னால் ஒன்றை எடுத்துவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

கூலி நேராகக் கண்ணில் படாது. அதனால் பாவும் (நீளவாக்கு நூல்) ஊடை நூலும் (குறுக்கு நூல்) வேனில் வந்து இறங்குவதில் தொடங்கி, காடா துணி, அதாவது சாயம் ஏற்றாத துணி, ஏற்றிப் போவது வரை பின்தொடருங்கள். நடுவில் அறுந்த இழையை முடிச்சுப் போடும் விரல்களுக்கு ஒரு கை தூரத்தில் நின்று எடுங்கள். நெய்த துணியின் மீட்டர் கணக்கு எழுதிய நோட்டும் கரண்ட் பில்லும் அருகருகே இருக்கும் ஒரு படம், கூட்டத்தின் பத்துப் படங்களைவிட அதிகம் பேசும். போன் நம்பரும் மின் இணைப்பு எண்ணும் சட்டகத்துக்குள் வராத கோணம் பாருங்கள். தறி நிற்கும் நாளில் பாதி நெய்த துணிமேல் படிந்த தூசியையும் விடாதீர்கள்.

பட்டைகளுக்குக் காரணம் விளக்குதான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; பழைய சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். கேமராவின் ஷட்டர் 1/500 நொடி என்று வேகமாக இருந்தால் அந்த ஏற்ற இறக்கம் பட்டையாகப் பதிவாகிவிடும். 1/100 அல்லது 1/50 வையுங்கள், செல்போனிலும் புரோ மோடில் இது முடியும். வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன் அளவு) 1600, 3200 வரை ஏற்றலாம். அந்த ஷட்டர் வேகத்தில், ஊடை நூலைச் சுமந்து ஓடும் நாடா ஒரு கோடாகத்தான் விழும். ஓட்டம் தெரிவதால் அதுவே நல்லது. அசையாமல் வேண்டுமென்றால் வாசலோரத் தறியில், பகல் வெளிச்சத்தில் 1/1000 முயலுங்கள். பஞ்சு பறக்கும் இடத்தில் லென்ஸை மட்டும் கழற்றாதீர்கள்.

"ஏனுங்க, படம் எடுத்துக்கலாங்களா?" என்று கேட்டுவிட்டு எடுங்கள். ஆனால் ஓடாத தறியை உங்களுக்காக ஓட்டச் சொல்லாதீர்கள். அது செய்திப்படம் ஆகாது. யார், எங்கே, எந்தத் தேதி, என்ன செய்கிறார் என்பதை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். 'சோகத்தில் தொழிலாளி' என்ற படக்குறிப்பு வேண்டாம். 'அறுந்த பாவு இழையை முடிச்சுப் போடுகிறார். கூலி மீட்டர் கணக்கில் என்பதால் தறி நிற்கும் நேரத்துக்குக் காசில்லை' என்றால்தான் வாசகருக்கு விஷயம் போய்ச் சேரும்.

கேள்வி: படத்தில் குறுக்கே வரும் மின்கம்பியை அழித்துவிடலாமா?
– வாசகி, பல்லடம்

பதில்: கூடாது. வெளிச்சம் சரிசெய்யலாம், ஓரம் வெட்டலாம். இருந்ததை அழிப்பதும் இல்லாததைச் சேர்ப்பதும் செய்தியில் பொய். ஆசிரியருக்கு அனுப்பும்போது திருத்தாத மூலக் கோப்பையும் சேர்த்தே அனுப்புங்கள்.