பாரிசவாதம் வந்தவருக்குக் கை திரும்ப வருமா என்று ஸ்கான் சொல்லுமா?

ஓரளவுக்குச் சொல்லும். மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபட்டோ வெடித்தோ ஒரு பகுதி சேதமாவதுதான் பாரிசவாதம். எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்தவுடன் எல்லோரும் கேட்பது "எவ்வளவு பெரிசு?" கை, கால் விஷயத்தில் "எந்த இடம்?" என்பதுதான் முக்கியம்.

கையை அசைக்கும் கட்டளை மூளையின் மேற்பரப்பில் இருந்து ஒரு நரம்புப் பாதையால் முள்ளந்தண்டுக்கு இறங்குகிறது. மேலே விரிந்து கிடக்கும் அந்த இழைகள், ஆழத்தில் ஓர் ஒடுங்கிய இடத்தில் நெருக்கியடித்துச் சேர்கின்றன. வன்னிக் காட்டுக்குள் பல ஏக்கர் எரிந்தாலும் யாழ்ப்பாண பஸ் வந்து சேரும். யாழ்ப்பாணத்துக்குள் நுழையும் ஒடுங்கிய தரைவழியான ஆனையிறவில் நூறு யார் வீதி அறுந்தால் ஏ9 வீதியால் வரும் பஸ் நின்றுவிடும். சங்குப்பிட்டிப் பாலத்தால் சுற்றி வரலாம்தான், முழுப் போக்குவரத்தும் அதால் என்றால் நெருக்கடி. மூளையும் இப்படி மாற்றுவழி தேடும், கூடுதலாக முதல் 3 மாதங்களில். அந்த நரம்புப் பாதையில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்த்துத்தான் கணிக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், ஸ்கானுக்கு முன் கட்டிலடியில் நோயாளியைப் பார்க்கவேண்டும். முதல் 3 நாட்களுக்குள் "விரலை நிமித்துங்கோ ஐயா, தோளைப் பக்கத்தாலே தூக்குங்கோ" என்று டொக்டர் கேட்க, விரல் கொஞ்சம் நிமிர்ந்தாலே நல்ல அறிகுறி. நியூசிலாந்தின் ஒக்லண்டில் உருவான பிரெப்2 கணிப்பு முறையும் இதில்தான் தொடங்குகிறது.

முதல் சி.ரி. ஸ்கானில் "ஒண்டும் இல்லை" என்றால் பாரிசவாதமே இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. அது முக்கியமாக இரத்தக்கசிவு உண்டா என்று பார்க்க எடுப்பது, அடைப்பால் வந்த சேதம் அதில் தெரியப் பல மணிநேரம் ஆகலாம்.