பனிமானும் ஒரு நாள் மழையும்

கேள்வி: வடதுருவப் பக்கம் குளிர் குறைந்துகொண்டே வருகிறதாம். பனியில் கிடந்து நடுங்கும் ரெயின்டீர்களுக்கு அது நல்லதுதானே? எதற்கு இத்தனை கவலை?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: அது நடுங்குகிறது என்று யார் சொன்னது? ரெயின்டீர், அதாவது பனிமான், மைனஸ் 40 டிகிரியிலும் சாவகாசமாக மேயும். அதன் முடிக்குள்ளேயே காற்று அடைந்திருக்கிறது. மூக்கு நுனியில்கூட மயிர் உண்டு. உள்ளே இழுக்கும் காற்று மூக்கைத் தாண்டுவதற்குள் சூடாகிவிடும். மூச்சு விடும்போது அந்தச் சூட்டில் பெரும்பகுதியை மூக்கே பிடித்து வைத்துக்கொள்ளும். இப்படிப்பட்ட பிராணியைக் குளிர் என்ன செய்யும்? குளிர்காலத்தில் பெய்யும் மழைதான் அதற்கு எமன்.

எப்படி என்று சொல்கிறேன். குளிர்காலத்தில் அதன் முக்கிய உணவு லைக்கன். நாம் மசாலாவில் போடும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான். அங்கே அது தரையில் வெளிறிய சாம்பல் நிறத்தில் மெத்தைபோல் படர்ந்திருக்கும். மேலே முழங்கால் அளவு பனி கிடந்தாலும் பனிமான் மோப்பம் பிடித்துவிடும். முன்னங்காலால் பறிக்கும், குழிக்குள் தலையை விட்டு மேயும். கோடையில் மெத்தென்றிருக்கும் பாதம் குளிர்காலத்தில் சுருங்கிவிடும். குளம்பின் விளிம்பு மண்வெட்டி வாய்போல் வெளியே நிற்கும்.

பனி உதிரியாக இருக்கும்வரைதான் இதெல்லாம். நடுவில் ஒரு நாள் மழை பெய்து, மறுபடி குளிர் இறுகினால்? பனிக்குள் இறங்கிய தண்ணீர் பாளமாக உறைந்துவிடும். எவ்வளவு பறித்தாலும் குளம்பு வழுக்கும். காலுக்குக் கீழே தீனி இருக்க, மந்தை பட்டினி கிடக்கும்.

2013 நவம்பரில் ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் அதுதான் நடந்தது. ஒரு நாள் முழுக்க மழை, அப்புறம் கடுங்குளிர். அந்தக் குளிர்காலத்தில் மட்டும் சுமார் 61,000 பனிமான்கள் பட்டினியில் செத்தன. 2006-லும் அங்கே இப்படி ஏறக்குறைய 20,000 போயின. அங்குள்ள நெனெட்ஸ் மக்களுக்குச் சாப்பாடு, கூடாரத் தோல், சறுக்குவண்டி இழுக்கும் கால்நடை எல்லாமே இந்த மான்தான். பக்கத்துக் கடலில் உறைபனி குறைந்து, காற்றில் ஈரம் கூடியதே இந்த மழைக்குக் காரணம் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள்.

நார்வே, சுவீடன், பின்லாந்தில் பனிமான் மேய்க்கும் சாமி இன மக்களுக்கும் இந்தப் பனிப்பூட்டு புதிதல்ல. தரை பூட்டிக்கொண்டால் மந்தையைப் பழைய காட்டுக்கு ஓட்டிப் போவார்கள். அங்கே கிளைகளில் தாடிபோல் லைக்கன் தொங்கும். ஆபத்துக்கு உதவும் தீனி அது. ஆனால் அது வளர மரத்துக்கு வயதாக வேண்டும். சுவீடனிலும் பின்லாந்திலும் அப்படிப்பட்ட காடுகளைத்தான் பலகைக்கும் காகிதக் கூழுக்கும் மொட்டையடித்துவிட்டார்கள். திரும்ப நட்டிருக்கிறார்கள், சரி. இளங்கிளைகளில் தொங்குவதற்கு ஒன்றும் இல்லையே.

இப்போது மேய்ப்பர்கள் காசு கொடுத்துத் தீவன மூட்டை வாங்குகிறார்கள். பரந்த வெளியில் சிதறி மேய்ந்த மான்கள் ஒரே இடத்தில் முண்டியடித்துத் தின்கின்றன. அதனால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கண்நோய் தொற்றுகிறது. முற்றினால் பார்வையே போய்விடும்.