ஓய்வுக் காலத்தில் வரி ஏறிவிட்டால் என்ன செய்வது?

38 வயது, அடிப்படைச் சம்பளம் மாதம் 80,000, பி.எஃப். பிடித்தம் போக மிஞ்சுவதை எல்லாம் என்.பி.எஸ்.ஸில் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) போட்டுவிடலாமா, 60 வயதில் வரி ஏறியிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போடாதீர்கள்.

22 வருடம் கழித்து வரி எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் இதுவரை எப்படி மாற்றினார்கள் என்று பார்க்கலாம். பங்குகளில் நீண்டகால லாபத்துக்கு வரியே இல்லாமல் இருந்தது. 2018-ல் ஒரு லட்சத்துக்கு மேல் 10 சதவீதம் வந்தது, 2024 ஜூலையில் அது 12.5 ஆனது, விலக்கு 1.25 லட்சம். கடன் பத்திரங்களில் முதலிடும் கடன் ஃபண்டுகளில் 2023 ஏப்ரலுக்குப் பிறகு போட்ட பணத்துக்கு நீண்டகால லாபச் சலுகை போய்விட்டது. 2016 பட்ஜெட்டில் பி.எஃப். எடுக்கும்போதே வரி என்றார்கள், எதிர்ப்புக் கிளம்பியதும் மார்ச்சில் வாபஸ் வாங்கினார்கள். பெரும்பாலும் ஏற்கெனவே போட்டதை ஓரளவு விட்டுவிட்டு இனி போடுவதில்தான் கை வைக்கிறார்கள். அதனால் வரி பயத்தில் சேமிப்பைத் தள்ளிப்போடுவது வீண்.

விகிதத்தைத் தொடாமலே வரி ஏறுவதும் உண்டு, இதை யாரும் கவனிப்பதில்லை. 2021 ஏப்ரலிலிருந்து பி.எஃப்.பில் உங்கள் பங்கு (நீங்களே விரும்பிக் கூடுதலாகப் போடும் வி.பி.எஃப். சேர்த்து) வருடத்துக்கு 2.5 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பணத்தின் வட்டிக்கு வரி. 12 சதவீதப் பிடித்தத்தில் அடிப்படைச் சம்பளம் மாதம் சுமார் 1.74 லட்சம் வரை பிரச்சினை இல்லை. உங்கள் 80,000 வருடம் 8 சதவீதம் ஏறினால் பத்து வருடத்தில் கிட்டத்தட்ட அங்கே வந்து நிற்கும். வரம்பு அப்படியே இருந்தால், எந்த பட்ஜெட் அறிவிப்பும் இல்லாமல் நீங்கள் வரி வளையத்துக்குள்.

என்.பி.எஸ். கெட்டது என்று சொல்லவில்லை. நிறுவனம் தன் பங்காக அதில் போடுவதற்குப் புதிய வரி முறையிலும் (விகிதமும் குறைவு, விலக்குகளும் குறைவு) அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை விலக்கு உண்டு, கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் அதில் வரும் மாத ஓய்வூதியம் அன்றைய வருமான வரி அடுக்குப்படி முழுக்க வரிக்கு வரும். என் அப்பா ஓய்வு பெற்றபோது இனி வரி குறைந்துவிடும் என்றுதான் வீட்டில் நினைத்தோம். ஓய்வூதியம், டெபாசிட் வட்டி, மாடி வாடகை மூன்றுமே வரிக்கு வருகிற வருமானம், அதனால் பெரிதாக ஒன்றும் குறையவில்லை. வரி அதிகமாகும் வருடத்தில் இதை எடுக்காமல் அதை எடுக்கலாம் என்று தேர்ந்தெடுக்கவும் அவருக்கு வழி இல்லை. அந்த வழியைத்தான் நீங்கள் இப்போதே வைத்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு பி.பி.எஃப். (அஞ்சலகத்திலோ வங்கியிலோ நீங்களே தொடங்கும் அரசுச் சேமிப்பு) கணக்கு ஒன்று அவசியம். புதிய முறையில் போடும்போது விலக்கு கிடைக்காதுதான், ஆனால் 7.1 சதவீத வட்டிக்கும் முதிர்வுத் தொகைக்கும் இன்றும் வரி இல்லை, 15 வருடம் முடிந்ததும் ஐந்தைந்து வருடமாக நீட்டிக்கலாம். அப்புறம் பங்கு ஃபண்டுகள். ஒரு வருடத்துக்கு மேலான யூனிட்டுகளில் வருடா வருடம் மார்ச்சுக்குள் 1.25 லட்சம் லாபம் வரும் அளவுக்கு விற்று, அதே பணத்தில் மறுபடி வாங்கிவிடுங்கள். வாங்கிய விலை உயர்ந்து பதிவாகும், பின்னாளில் விகிதம் ஏறினாலும் அந்த லாபம் தப்பித்துவிட்டது. இன்றைய விகிதத்திலேயே வருடத்துக்கு 15,625 ரூபாய் மிச்சம். பயன்படுத்தாத விலக்கு அடுத்த வருடத்துக்குச் சேராது. சீக்கிரம் விற்றால் ஃபண்ட் பிடிக்கும் வெளியேற்றக் கட்டணம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மனைவியும் வேலைக்குப் போகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கும் தனியாக அதே 1.25 லட்சம் உண்டு, ஆனால் உங்கள் பணத்தை அவர் பெயரில் ஃபண்டில் போட்டால் லாபம் உங்கள் கணக்கில்தான் சேரும். ஆகவே வீட்டுச் செலவை உங்கள் சம்பளத்தில் நடத்துங்கள், அவர் சம்பளம் அவர் பெயரிலேயே சேமிப்பாகட்டும்.